யானைக்கு எத்தனை காலாள்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்லிவைத்தவர் யானை வியாபாரியாக இருந்திருக்கலாம். நிச்சயமாக யானையை வைத்துக்கொண்டு யுத்தம் செய்தவராக இருந்திருக்க முடியாது. யுத்தத்தில் யானைக்கு மூன்று விலை உண்டு. எதிரியைப் பார்த்து நடக்கும் யானைக்கு ஒரு விலை. செத்து விழுந்த யானைக்கு ஒரு விலை. அம்பு பட்ட வலியில் நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்ட யானைக்கு ஒரு விலை. அந்தக் கடைசி விலையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த ஞானம் எனக்குக் கிடைத்த இடம் குருக்ஷேத்திரம் அல்ல, கொரட்டூர். எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர்கள் கோயிலுக்குப் போவார்கள், ரேஷன் கடைக்குப் போவார்கள், அல்லது பிறர் விவகாரத்துக்குப் போவார்கள். இவர் யுத்தத்துக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று ஏறும். பச்சைத் துணி விரித்தால் புல்வெளி. தெர்மாகோலை வெட்டி அடுக்கினால் குன்று. நீல ரிப்பன்தான் ஆறு. அதன் மேல் கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்பார்கள். சிப்பாய்களை அவரே செய்கிறார். குழாய் ஒழுகினால் அடைக்கிறோமே, அந்த எம்-சீலைப் பிசைந்து, ஊக்கால் முகம் கீறி, வர்ணம் பூசிவிடுவார். யானைகள் மட்டும் நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கியவை.

எதிர்ப்படையின் சேனாதிபதி மூன்றாவது மாடிப் பையன். பையன் என்றால் முப்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். டேப்பை நீட்டி அங்குலக் கணக்கில் படைகளை நகர்த்துவார்கள். யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதைப் பகடை சொல்லும். பகல் பன்னிரண்டரைக்குப் பெரியவரின் மனைவி, உலகத்தின் எந்த யுத்தத்தையும் நிறுத்தக்கூடிய ஒரு வார்த்தையைச் சொல்வார்: “சாப்பாடு!”

இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய லெப்டினன்ட் இப்படி ஓர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். பிரஷ்யாவின் தலைமைச் சேனாதிபதி அதைப் பார்த்து மயங்கி, ராணுவத்தில் எல்லாரும் ஆடவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் முறையை ஒரு புத்தகமாகவே எழுதினார். நாவல் எழுதுகிறவர்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு பந்தம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தில் எனக்கு ஸ்வாரஸ்யமாகப் பட்டது சண்டை அல்ல. சண்டைக்கு முன்னால் நடக்கும் பேரம். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே படை. ஆகையால் ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் மும்மூன்று, சிப்பாய்க்கு 1 என்று சொல்வதெல்லாம் வெட்டுக்கு வெட்டு கொடுக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு, அவ்வளவுதான். பொம்மை யுத்தம் அப்படியல்ல. ஒருவர் ரோமாபுரிப் படையைக் கொண்டு வருவார். இன்னொருவர் மௌரியப் படையோடு நிற்பார். இரண்டும் சமம் என்று எப்படிச் சொல்வது? அதற்காக ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இத்தனை பாயிண்ட் என்று விலை போட்டு, ஆளுக்கு 1000 அல்லது 2000 பாயிண்டுக்குள் படை திரட்டிக்கொள் என்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கிற கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனி தன் வார்ஹாமர் பொம்மைகளுக்கு வருஷத்தில் பல தடவை இந்த விலையை மாற்றி மாற்றி வெளியிடுகிறது. நேற்று வரை எல்லாரும் வாங்கிய பூதகணம் இன்று கிராக்கியாகிவிடும். மூலையில் கிடந்த பூதகணத்துக்கு மவுசு வந்துவிடும். தியாகராய நகரில் தங்கம் விலை பார்க்கிற மாதிரி, பையன் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான்.

சென்ற ஆடியில் இருவருக்கும் ஓர் ஆசை பிறந்தது. வெளிநாட்டுப் போர்களையே ஆடிக்கொண்டிருக்கிறோமே, நம்முடைய ரயில் மார்க்கத்திலேயே ஒரு மகாயுத்தம் நடந்திருக்கிறதே, அதை ஆடினால் என்ன? கொரட்டூரில் மேற்கே போகும் வண்டியில் ஏறி அரக்கோணத்தில் இறங்கினால் தக்கோலம் பக்கம்தான். 949-இல் அங்கேதான் பராந்தக சோழரின் மகன் ராஜாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு மோதி உயிரை விட்டான். யானையின் மேல் உட்கார்ந்தபடியே இறந்ததால் ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று பெயர் பெற்றான்.

பொம்மைகள் தயாராகிவிட்டன. விலை தயாராகவில்லை. இருவருக்கும் பொருந்துகிற விலைப் பட்டியல் எந்தப் புத்தகத்திலும் அகப்படாததால் தாங்களே போடுவது என்று தீர்மானித்தார்கள். குதிரைக்கும் வில்லாளிக்கும் கால் மணியில் உடன்பாடு ஆகிவிட்டது. யானையில் வந்து நின்றது வண்டி.

“ஓர் ஆனைக்கு இருபது காலாள்” என்றார் பெரியவர்.

“எட்டு” என்றான் பையன்.

எழுத்தாளன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க நான் விரும்பவில்லை. என்னிடம் தீர்ப்புக்கு வந்தபோது அர்த்தசாஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் 1905-இல் மைசூர் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த சுவடியிலிருந்து, நூலகர் சாமசாஸ்திரி 1909-இல் அச்சிட்டாரே, அந்த நூல்தான். அதன் பத்தாவது அதிகரணத்தில் கௌடில்யர் ஒரு விலைப் பட்டியலே போட்டிருக்கிறார். ஒரு குதிரையை எதிர்க்க 3 காலாள். ஒரு தேரையோ யானையையோ எதிர்க்க 15 காலாள், அல்லது 5 குதிரை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம்மவர் பாயிண்ட் போட்டு முடித்துவிட்டார் என்று நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெரியவருக்கு முகம் மலர்ந்தது. பதினைந்து என்பது எட்டைவிட இருபதுக்குத்தானே பக்கம்! பையன் மட்டும் புத்தகத்தை வாங்கி, பக்கத்தைப் பின்னால் புரட்டினான். கெட்டிக்காரன். விலைப் பட்டியல் இருப்பது ஐந்தாம் அத்தியாயம். அதற்கு முந்திய அத்தியாயத்தில், எந்த நிலம் எந்தப் படைக்கு ஏற்றது என்று விஸ்தாரமாக எழுதியிருக்கிறார் கௌடில்யர். மரத்தை முறித்துக்கொண்டு போகலாம், மேடு பள்ளம் இருக்கலாம். ஆனால் சேறும் வெடிப்பும் இல்லாத நிலம்தான் யானைக்கு ஆகும் என்கிறார்.

“அப்போ பதினைஞ்சுங்கிறது நல்ல நிலத்து விலை சார். சேத்திலே?”

சேற்றில் என்ன விலை என்பதை வள்ளுவர் இடனறிதலில் சொல்லிவிட்டார். வேல் வீரரையே கோத்தெடுத்த களிற்றைக் கால் ஆழும் களரில் நரி கொன்றுவிடும். நரிக்கு எத்தனை பாயிண்ட் போடுவீர்கள்?

இந்த இடத்தில் பெரியவர் ஒரு காரியம் செய்தார். அதற்காகவே அவரிடம் எனக்கு மரியாதை அதிகம். தம் கட்சிக்கே விரோதமான சாட்சியைத் தாமே கொண்டுவந்து நிறுத்தினார். டாங்கிக்காரர் அல்லவா? 1965 செப்டம்பரில் பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் நடந்த சண்டையைச் சொன்னார். பாகிஸ்தானிடம் இருந்தவை அமெரிக்க பாட்டன் டாங்கிகள்; அந்தக் காலத்தில் பெயர் போனவை. நம்மிடம் செஞ்சூரியன் கொஞ்சம், பழைய ஷெர்மன் கொஞ்சம்.

“கரும்புக் கொல்லைக்கு வாய்க்காலை வெட்டித் தண்ணி விட்டுட்டாங்க சார். பாட்டன் உளையிலே இறங்கி நின்னு போச்சு. ஜீப்பு மேலே ஒரு பீரங்கியைக் கட்டிக்கிட்டு அப்துல் ஹமீதுன்னு ஒரு ஹவில்தார், ஒண்ணு மேலே ஒண்ணா அடிச்சார். கடைசியிலே அவரும் போயிட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க. ஜீப்புக்கும் பாட்டனுக்கும் காகிதத்திலே விலை போட்டா, எந்தக் கணக்குப் பிள்ளையும் ஜீப்பை வாங்கமாட்டான்.”

சொல்லிவிட்டுச் சற்று நேரம் தம் யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இருந்தாலும் இருபதுதான்” என்றார்.

மறு வாரம் பையன் இரண்டு ஆதாரங்களோடு வந்தான். ஒன்று, அரபு நாட்டுப் பழைய சதுரங்க ஆசிரியர்கள் காய்களுக்கு வெள்ளிக் காசில் போட்ட விலை. ருக் என்கிற காய்க்கு ஒரு திர்ஹம். யானைக்குக் கால் திர்ஹம். (அந்த யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் தாவும் சோனி யானை. ருக் நின்ற இடத்தில் நாம் யானையை வைத்துக்கொண்டு ஆடுகிறோம். அது வேறு கதை.) இரண்டாவது ஆதாரம், அவனே கம்ப்யூட்டரில் உருட்டிப் பார்த்தது. ஒரு யானையைக் காலாட்களோடு மோதவிட்டு, ராத்திரி முழுக்க மெஷினைப் பகடை உருட்டச் சொல்லியிருக்கிறான். சராசரி, கிட்டத்தட்ட எட்டு வந்துவிட்டது.

“ஒவ்வொரு தடவையும் எட்டா வந்தது?” என்று பெரியவர் கேட்டார்.

“இல்லே சார். சில சமயம் முப்பது பேரைத் துவைக்குது. சில சமயம் திரும்பி நம்ம ஆள் இருபது பேரை மிதிக்குது.”

“எட்டு பேரைக் கொன்ன ஆனை எத்தனை?”

பையன் யோசித்துப் பார்த்தான். அப்படி ஒரு யானை அநேகமாக இல்லவே இல்லை.

எனக்கென்னவோ இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பத்துக் காலாட்களை எடுத்துக்கொண்டால் அவர்கள் இன்றைக்கும் நாளைக்கும் பத்துப் பேர் வேலையைத்தான் செய்வார்கள். யானை அப்படிக் கூலிக்கு அளந்து வேலை செய்கிற ஆசாமி அல்ல. கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் நிறுத்திய யானைகள், நெருக்கடியில் சிக்கியவுடன் எதிரியையும் சொந்தப் படையையும் பேதமில்லாமல் மிதித்தன. அந்த மட்டில் அவற்றின் விலை சூனியத்துக்கும் கீழே. அதே வருஷத்தில், கங்கைக்கரையில் ஆயிரக்கணக்கான யானைகள் காத்திருக்கின்றன என்று காதில் விழுந்த மாத்திரத்தில், அலெக்ஸாண்டரின் சிப்பாய்கள் பியாஸ் நதியைத் தாண்டமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். யுத்தகளத்துக்கே வராத அந்த யானைகளுக்கு என்ன பாயிண்ட் போடுவது?

யானைக்கு ரொக்கமாக விலை பேசி வாங்கிய ஒரு சந்தர்ப்பம் சரித்திரத்தில் இருக்கிறது. கி.மு. 303 வாக்கில் செல்யூகஸ், சிந்து நதிக்கு அப்பாலிருந்த சில மாகாணங்களைச் சந்திரகுப்த மௌரியனுக்குக் கொடுத்துவிட்டு 500 யானைகளை வாங்கிக்கொண்டு போனான். நாட்டைக் கொடுத்து மிருகத்தை வாங்கிய பைத்தியக்காரன் என்றுதான் கேட்டவர்கள் சொல்லியிருப்பார்கள். இரண்டே வருஷத்தில் இப்ஸஸ் யுத்தம் வந்தது. எதிரியின் குதிரைப்படை முன்னேறித் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் செல்யூகஸ் யானைகளைக் குறுக்கே நிறுத்திவிட்டான். யானையின் வாடைக்கே குதிரைகள் மிரளும். மகனுடைய குதிரைப்படை வந்து சேராமல் எண்பது வயது தாண்டிய ஆண்டிகோனஸ் களத்திலேயே மடிந்தான். அந்த யானைகளின் பெரிய உபகாரம், நடுவே போய் நின்றதுதான். பையனுடைய கம்ப்யூட்டரில் இதற்கு இடமே இல்லை. கொன்ற தலைகளைத்தான் அது எண்ணுகிறது.

நம் தமிழ்ப் புலவர்கள் யானையின் விலையை வேறு தினுசில் கட்டினார்கள். போரில் ஆயிரம் யானைகளை வென்றவன் மேல்தான் பரணி பாடலாம் என்பது பாட்டியல் விதி. பன்னிரு பாட்டியல்காரர் மட்டும் எழுநூறு போதும் என்று சலுகை காட்டியிருக்கிறார். விலைப் பட்டியலைத் திருத்தி வெளியிடும் வழக்கம் நாட்டிங்ஹாமில் தொடங்கியது அல்ல!

இதையெல்லாம் சொல்லியும் சமரசம் ஏற்படவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வரவில்லை; அதற்கு மறு வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் மாடிப்படியில் பெரியவரின் மனைவியைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை.

“சண்டை போட்டாத்தான் தேவலாம் போலிருக்கு, தம்பி” என்றார் அந்த அம்மாள். “காலையிலே எழுந்து பலகையை மேஜை மேலே போடறாரு. துணி விரிக்கிறாரு. பத்தரை வரைக்கும் வாசலைப் பார்க்கிறாரு. அப்புறம் எல்லாத்தையும் மடிச்சுக் கட்டில் அடியிலே வெச்சுடறாரு. பொண்ணு வெளிநாட்டிலே. பேச வேற யாரு இருக்கா?”

மேலே போய்ப் பையனைப் பார்த்தேன். அவனும் விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல்தான் உட்கார்ந்திருந்தான். “அவர் வந்து கூப்பிட்டா வரேன் சார்” என்றான். கீழே வந்தால் அவர், “அவன் இஷ்டம் சார். இது என்ன ஃபாக்டரியா, வரலைன்னா லீவு லெட்டர் கேட்க?” என்றார். ஒரு மண் யானையின் விலை, இரண்டு மாடிகளுக்கு நடுவே இருபது படிக்கட்டுகளை ஏறமுடியாத மலையாக்கிவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போது ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு வைப்பான். இளையவன் முதலில் எடுத்துக்கொள்வான். நஞ்சைக்கு எவ்வளவு, தென்னந்தோப்புக்கு எவ்வளவு என்று ஒரு மத்தியஸ்தரும் விலை சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பங்கு தன் தலையில் விழுந்தாலும் சரி என்று மூத்தவனுக்குத் தோன்றுகிற வரைக்கும் அவன் பிரித்தபடி இருக்க வேண்டும். இருபதும் வேண்டாம், எட்டும் வேண்டாம். இப்படிச் செய்யுங்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

பெரியவர் அந்த வாரம் முழுவதும் பங்கு வைத்தார். ஒரு பக்கம் ஆறு யானைகளும் கொஞ்சம் வில்லாளிகளும். மறுபக்கம் குதிரைகளும் காலாட்களும். முதலில் யானைக்கு இருபது வீதம் எம்-சீல் காலாட்களை அந்தப் பக்கம் கொட்டினார். கொட்டிவிட்டு நின்று பார்த்தால், காலாள் பங்கைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும் போல ஆசை வந்தது. சிலரை எடுத்துப் பெட்டியில் போட்டார். மறுபடி பார்த்தார். காப்பி சாப்பிட்டுவிட்டு வந்து, இன்னும் சிலரை எடுத்தார். சனிக்கிழமை ராத்திரி, எந்தப் பங்கு வந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு வந்து கையை உதறினார். நான் எண்ணிப் பார்த்தேன். வாயால் இருபது என்று சாதித்த யானைக்கு அவர் கை கொடுத்திருந்த விலை பதிமூன்று.

பையன் வந்தான். இரண்டு பங்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எட்டு என்று அடித்துப் பேசியவன் பதிமூன்று காலாளை விடுவானா என்று நினைத்தேன். யானைப் பங்கின் மேல் கையை வைத்தான்.

“ஏண்டா தம்பி, எட்டுன்னே?”

“வாங்கறதுன்னா எட்டுதான் சார். எதிர்லே நிக்கப்போகுதுன்னா அது வேற.”

பெரியவர் முதன்முறையாகத் தம் யானைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். ஆட்டம் சாப்பாட்டு வேளையைத் தாண்டியும் நடந்தது. அந்த அம்மாள் அன்று மட்டும் கூப்பிடவில்லை. இரண்டு யானைகள் திரும்பிச் சொந்த வில்லாளிகளைத் துவைத்தன. ஒன்று நீல ரிப்பன் ஓரத்தில் செத்து விழுந்தது. மற்ற மூன்றும் ராஷ்டிரகூடக் குதிரைப்படையை அணுகவிடாமல் நின்றன. அன்று கொரட்டூரில் ராஜாதித்தன் ஜெயித்தான்.

“இருபத்தஞ்சு போடலாம்டா” என்றார் பெரியவர், யானைகளைத் துடைத்து வைத்துக்கொண்டே.

“பகடை நல்லா விழுந்துது. எட்டுதான்” என்றான் பையன்.

உண்மைத் தக்கோலத்தில் என்ன நடந்தது என்று இருவரும் கேட்டார்கள். கூரிய அம்பு மார்பைப் பிளக்க, ராஜாதித்தன் யானை முதுகிலேயே இறந்தான் என்று ஆனைமங்கலச் செப்பேடு சொல்வதைச் சொன்னேன். கன்னட நாட்டில் ஆதகூரில் கிடைத்த கல்வெட்டோ அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்கிறது. அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்று அதைப் படித்தவர்கள் உண்டு. அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் பூதுகனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைக் கொடுத்தான். பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவனுடைய பராக்கிரமத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றபோது அவன் ஊர் கேட்கவில்லை, யானை கேட்கவில்லை. காளி என்று ஒரு வேட்டைநாய் இருந்தது, அதைக் கேட்டான். அந்த நாய் பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு, பன்றியும் அதுவும் சேர்ந்தே செத்தன. ஆதகூர்க் கல் அந்த நாய்க்காக நட்ட கல்தான். தக்கோலத்துச் சங்கதி அதில் கூடவே வருகிறது. கல் இப்போது பெங்களூர் அரசாங்க மியூசியத்தில் இருக்கிறது.

பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டே ஒரு துண்டு எம்-சீலைப் பிசைய ஆரம்பித்திருந்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நாய் காய்ந்து, வர்ணத்துக்குக் காத்திருந்தது. வால் மட்டும் சற்றுப் பருமன். அதற்கு எத்தனை பாயிண்ட் என்று பையன் கேட்டனுப்பியிருக்கிறான்.